பழைய செடான் வாங்குகிறீர்களா? முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள்

[காட்சி: குளச்சல் கடற்கரைச் சாலையோரம் நிற்கும் வெள்ளைச் செடான்]

வணக்கம். சிட்டி, வெர்னா, சியாஸ் போன்ற நடுத்தரச் செடான்களைப் பழையதாக வாங்க நினைக்கும் குமரி மாவட்டத்தாரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பெயிண்டின் மினுமினுப்பில் மயங்கும் முன், காரை ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டுக்கணக்காக வெட்டவெளியில் நின்ற காரில், உப்புக்காற்றின் ஈரம் தகட்டு மடிப்புகளுக்குள் தங்கி, வெளியே தெரியாமலே துருவைத் தொடங்கி வைக்கிறது. கதவுகளின் கீழ் விளிம்பு, சக்கர வளைவின் உட்புறம், பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மேலோட்டமான செந்துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஆனால், ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டும்போதே தகடு உதிருமானால், விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கார் வேண்டாம். அடியில் புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தால், அது துருவை மறைக்கவும் இருக்கலாம்; கூடுதல் கவனம் தேவை.

[காட்சி: டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி]

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. வெள்ளத்தில் நின்ற காரை எவ்வளவு கழுவினாலும், ஸ்டெப்னிக் குழியின் ஓரத்திலும், முழுவதுமாக இழுத்த சீட் பெல்ட்டின் அடிநுனியிலும் சேற்றுக் கறை தங்கிவிடும். வயரிங் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால், பின்னாளில் வரும் மின்கோளாறுகளுக்கு முடிவே இராது.

எஞ்சினை ஆறிய நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆயில் மூடியின் உட்புறம் பால்காப்பி நிறத்தில் இருந்தால், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் ஏற்றத்தில் ஓட்டும்போது, எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் வென்டோ, ஸ்கோடா ரேபிட் கார்களின் 7 வேக டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸில், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பகுதியின் கோளாறு பலரும் அறிந்தது. பழுதுச் செலவும் பெரிது. கிலோமீட்டர் கணக்கை சர்வீஸ் பதிவோடு ஒப்பிடுங்கள்.

களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வரும் கே.எல். (கேரள) பதிவு கார் என்றால், அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும், இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்ந்ததுதான் உண்மையான விலை. அந்தச் சான்று கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.