நெல்சனுக்கு ஒரு படி கீழே: அட்மிரல் காலிங்வுட்டின் கதை

[திரையில்: நியூகாசில், டைன் ஆற்றங்கரை]

1761. வியாபாரத்தில் நொடித்துப்போன ஒரு குடும்பத்தின் பையன், உறவினர் கேப்டனாக இருந்த ஷானன் என்ற போர்க்கப்பலில் ஏறுகிறான். வயது 12. பெயர் கத்பர்ட் காலிங்வுட்.

பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரியாக விரும்பும் பையன் ஆறு ஆண்டுகள் கடலில் இருந்தாக வேண்டும். பிறகு மூத்த கேப்டன்கள் முன் வாய்மொழித் தேர்வு. அதில் தேறினாலும் லெப்டினன்ட் பதவி உடனே கிடைத்துவிடாது. பரிந்துரைக்க ஆள் வேண்டும். காலிங்வுட்டுக்கு அப்படிப்பட்ட ஆள் வாய்க்கவில்லை. 14 ஆண்டுகள் காத்திருந்து, 1775இல் அமெரிக்காவின் பங்கர் ஹில் போரின்போதுதான் லெப்டினன்ட் ஆனார்.

அவரைவிடப் பத்து வயது இளையவர், பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரும் நாயகனான அவர் நண்பர் ஹொரேஷியோ நெல்சன். அவருடைய மாமா கடற்படை நிர்வாகத்தில் பெரிய பதவியில் இருந்தார். நெல்சன் 18 வயதிலேயே லெப்டினன்ட், 20 வயதில் கேப்டன்.

[திரையில்: ஜமைக்கா வரைபடம், மூன்று கப்பல்கள்]

ஜமைக்காவில் நெல்சன் லோஸ்டாஃப் கப்பலை விட்டுப் போனார், அந்த இடத்துக்குக் காலிங்வுட் வந்தார். அடுத்து பேட்ஜர். அதற்கடுத்து ஹிஞ்சின்புரூக். மூன்று முறையும் நண்பர் காலிசெய்த இடம்தான் இவருக்கு. ஹிஞ்சின்புரூக்கில் காத்திருந்ததோ நிகராகுவா கரையின் காய்ச்சல். 200 மாலுமிகளில் பெரும்பாலானோர் மாண்டார்கள்.

1780இல் காலிங்வுட்டும் கேப்டன் ஆனார். இந்த இடத்தைக் கவனியுங்கள். கேப்டனானவர்களின் பெயர்கள் ஒரு மூப்புப் பட்டியலில் ஏறும். மேலே இருப்பவர் இறந்தாலோ உயர்ந்தாலோதான் கீழே இருப்பவர் நகர முடியும். வீரம் காட்டி யாரையும் தாண்ட முடியாது. "இரத்தப் போரோ, நோய்க்காலமோ வரட்டும்" என்று அதிகாரிகள் கோப்பை உயர்த்தி வாழ்த்திக்கொண்டதற்குக் காரணம் இதுதான். நெல்சன் பெயர் 1779இல் ஏறிவிட்டது. அந்தச் சில மாத முந்துதலை வாழ்நாள் முழுதும் மாற்ற வழியில்லை. ஆனாலும் இருவரின் நட்பில் விரிசல் விழவில்லை என்பதுதான் என்னை இந்தக் கதையில் பிடித்து நிறுத்துகிறது.

காலிங்வுட் கசையடியை வெறுத்தவர். தவறு செய்த மாலுமிக்குக் கூடுதல் வேலை கொடுப்பார். பீரங்கிப் பயிற்சியிலோ கறார்: டிரெட்நாட் கப்பலில் மூன்றரை நிமிடத்தில் மூன்று முறை சுடப் பழக்கினார்.

[திரையில்: டிரஃபால்கர், 21 அக்டோபர் 1805]

ஸ்பெயின் கரையருகே, பிரெஞ்சு-ஸ்பானியக் கூட்டுக் கடற்படையோடு பிரிட்டிஷ் கடற்படை மோதிய போர். அன்று தலைமை நெல்சனுக்கு, கப்பல்களின் இரண்டாம் வரிசை காலிங்வுட்டுக்கு. அடிப்பாகத்தில் புதிதாகச் செப்புத் தகடு பதித்திருந்த அவருடைய கப்பல் ராயல் சாவரின் மற்றக் கப்பல்களை முந்தி ஓடியது. முதலில் எதிரி வரிசையை உடைத்தவர் காலிங்வுட்! மாலைக்குள் நெல்சன் இறந்துவிட, முழுப் பொறுப்பும் அவர் தோளில். நெல்சன் விட்டுச்சென்ற இடம் இந்த முறையும் அவருக்கே வந்தது.

1803இல் மார்பெத் ஊரின் வீட்டைவிட்டுக் கிளம்பியவர், அதற்குப் பிறகு மனைவி சாராவையும் இரு மகள்களையும் பார்க்கவேயில்லை. நெல்சனுக்குப் பின் மத்தியதரைக் கடல் படையின் தலைமை அவரிடம்; அங்கே அவருக்கு மாற்றாக வேறு ஆளை அரசாங்கம் நம்பவில்லை. உடல் நைந்து, ஊர் திரும்ப அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் அனுமதி வந்தது. 1810 மார்ச் 6ஆம் தேதி மினோர்காவின் மாஹோன் துறைமுகத்திலிருந்து வில் டி பாரிஸ் கப்பல் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. மறுநாள் அதே கப்பலில் அவர் உயிர் பிரிந்தது.

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நெல்சனுக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.