நேட்டால் போலீஸின் பித்தளை வில்லைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1913 ஏப்ரல் 1-ம் தேதி தென்னாப்பிரிக்காவில் பழைய காலனிப் போலீஸ் படைகள் கலைந்தன. சிலர் சவுத் ஆப்பிரிக்கன் போலீஸ் என்ற புதிய படைக்குப் போனார்கள், சிலர் மவுண்டட் ரைஃபிள்ஸ் என்ற குதிரைப்படைக்குப் போனார்கள். தொப்பியிலும் காலரிலும் குத்தியிருந்த பழைய சின்னங்களுக்கு அதோடு வேலை முடிந்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அவற்றைத்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது நேட்டால், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் இருந்த பிரிட்டிஷ் காலனி. 1874-ல் டார்ட்னல் என்ற அதிகாரி நேட்டால் மவுண்டட் போலீஸைத் தொடங்கினார். ஐந்தே ஆண்டுகளில், இசாண்டில்வானா போரில், ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்தாரிடம் அந்தப் படை பல வீரர்களை இழந்தது. 1894-ல் காலனியின் மற்ற காவலர்களையும் சேர்த்துக்கொண்டு அது நேட்டால் போலீஸ் ஆனது. அந்தப் பெயர் இருந்தது 19 ஆண்டுகள்தான். பிரிட்டிஷ் தளபதி பேடன் பவல் 1900-ல் தொடங்கிய சவுத் ஆப்பிரிக்கன் கான்ஸ்டபுலரி என்ற போலீஸ் படை இன்னும் சீக்கிரம், 1908-லேயே, கலைந்துவிட்டது. ஆனால் அதில் சுமார் 10,000 பேர் இருந்ததால் அதன் சின்னங்கள் இன்னும் கண்ணில் படுகின்றன. குறைந்த காலம் இருந்தது என்பதால் மட்டும் ஒரு சின்னம் அரிதாகிவிடாது, எத்தனை பேர் அணிந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஒரு சின்னம் கைக்கு வந்தால் முதலில் கிரீடத்தைப் பார்க்கிறோம். விக்டோரியா ராணி 1901-ல் இறந்தார். அவர் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பின்வந்த மன்னர்கள் காலத்தில் அவை குவிமாடம் போல மேலெழும்பி நிற்கும். கிரீடம் உள்ள நேட்டால் சின்னம் என்றால், 19 ஆண்டுகளில் அது எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஊகம்தான், ஏனென்றால் பழைய சரக்கு தீரும்வரை அதையே கொடுப்பதும் உண்டு.

அப்புறம் பின்பக்கம். அச்சில் வைத்து அழுத்திய சின்னத்தின் முதுகில் முன்பக்க உருவத்தின் பள்ளம் தெரியும். வார்ப்பில் ஊற்றிய போலியில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், முதுகு பெரும்பாலும் சமதளமாக இருக்கும். பித்தான்களில் பின்பக்கம் தயாரிப்பாளர் பெயரே இருக்கும், லண்டன் ஃபிர்மின், பர்மிங்காம் கான்ட் என்று.

ஆனால் அணிந்தவர் யார் என்பதைச் சின்னம் சொல்லாது. பதக்கம் சொல்லும். பிரிட்டிஷாருக்கும் போயர் என்ற டச்சு வழிக் குடியேறிகளுக்கும் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரின் பதக்கத்தின் விளிம்பில் பெயரும் படையும் பொறித்திருக்கும். 1905-ல் நேட்டாலில் தலைக்கு ஒரு பவுண்டு வரி போட்டார்கள். அதை எதிர்த்து 1906-ல் ஆப்பிரிக்கர்கள் நடத்திய பம்பாத்தா கிளர்ச்சியை அடக்கியவர்களுக்கும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதிலும் பெயர் உண்டு. சின்னமும் பதக்கமும் பிரியாமல் ஒரே குடும்பத்திடமிருந்து வந்தால், ஆவணக் காப்பகப் பட்டியலில் அந்த மனிதரைத் தேடிப் பிடிக்கலாம். அந்தக் கிளர்ச்சியில் கொல்லப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 3,000-க்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. சேகரிப்பாளர் தன் குறிப்பேட்டில் உலோகம், அளவு இவற்றோடு இதையும் எழுத வேண்டும் என்பேன். அதை விட்டால் அந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

இந்தியக் காவலர்களின் கதை இன்னும் குறைவாகவே ஆராயப்பட்டிருக்கிறது. 1897 ஜனவரி 13 அன்று நேட்டாலின் துறைமுக நகரான டர்பனில் ஒரு வெள்ளையர் கூட்டம் காந்தியைத் தாக்கியது. போலீஸ் சூப்பரின்டென்டன்ட் அலெக்சாண்டரும் அவர் மனைவியும்தான் காப்பாற்றினார்கள். அன்று மாலை காந்தி ஓர் இந்தியக் கான்ஸ்டபிளின் உடையில் தப்பினார். தலையில் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மதராஸி துணியைச் சுற்றிக்கொண்டாராம். அந்த உடை சட்டென்று கிடைத்தது என்றால், டர்பன் நகரப் போலீஸில் நம்மவர்கள் வேலை பார்த்தார்கள் என்றுதானே பொருள்! அவர்கள் என்ன சின்னம் அணிந்தார்கள் என்பதைத் தேடுவதுதான் எனக்கு இப்போது பெரிய ஆசை.

1860 முதல் மதராஸிலிருந்து கப்பலேறி நேட்டால் போனவர்களின் பேரன் பேத்திகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய வில்லையோ பித்தானோ இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் எழுத்து போய்விடும். கூடவே இருக்கும் புகைப்படத்தையும் கடிதத்தையும் அதிலிருந்து பிரிக்காமல் ஒரே உறையில் வைத்து, யாருடையது என்று வெளியே எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.