பேஸ் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ரிங்?

[கருந்திரை. ஒரே பேஸ் வரிசை இரண்டு முறை ஒலிக்கிறது.]

ரெண்டு தடவையும் அதே பேஸ், அதே ஆம்ப், அதே விரல். ஆம்ப்ல ஒரு குமிழைக்கூடத் திருப்பலை. மாத்தினது நாலு ஸ்ட்ரிங் மட்டும்தான். முதல்ல வந்தது மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் மாதிரி ‘தும்’னு விழுந்து அடங்குச்சு. ரெண்டாவது, பியானோவோட கீழ்க்கட்டைகளைத் தட்டின மாதிரி கணீர்னு நின்னுச்சு.

[ஸ்ட்ரிங் மிக நெருக்கத்தில்.]

உள்ளே ஒரு ஸ்டீல் கம்பி. அது மேல இன்னொரு கம்பியை நெருக்கமா சுத்தியிருப்பாங்க. சுத்தின கம்பி உருண்டையா இருந்தா ரவுண்ட்வுண்ட், நாடா மாதிரி தட்டையா இருந்தா ஃப்ளாட்வுண்ட். பிராண்டு, விலை, கேஜ் (அதாவது தடிமன்) எல்லாம் அப்புறம். முதல்ல முடிவு பண்ண வேண்டியது இதைத்தான். ஆரம்பத்துல ‘தும்’னு அடங்கினது ஃப்ளாட்வுண்ட், கணீர்னு நின்னது ரவுண்ட்வுண்ட்.

[டெட்ராய்ட், அறுபதுகளின் படங்கள்.]

அறுபதுகள்ல அமெரிக்காவுல டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்காக எக்கச்சக்கமான ஹிட் பாட்டுகளுக்கு பேஸ் வாசிச்சவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர்கிட்ட இருந்தது 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதுல லா பெல்லா பிராண்டு ஃப்ளாட்வுண்ட், அதுவும் நல்ல தடியான செட். வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணே ஒண்ணு. நாதம் சீக்கிரம் அடங்கறதுக்கு பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்கோட அடிமுனையைத் தாங்கற பாகம்) மூடிக்கு அடியில ஃபோம். ஸ்ட்ரிங்கை அவர் மாத்தினதே அபூர்வம். அதனாலதான் அவ்வளவு சுரங்கள் ஓடியும் பாடறவங்க குரலை அவர் பேஸ் ஒரு இடத்துலகூட மறைக்காது. எனக்கு பேஸ்னா இன்னிக்கும் அந்தச் சத்தம்தான்.

[லண்டன். த ஹூ மேடையில்.]

இந்தப் பக்கம் த ஹூ, இங்கிலாந்து ராக் குழு. ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ். நடுவுல இருக்கற இடைவெளியை பேஸ் வாசிச்ச ஜான் என்ட்விஸ்ல்தான் நிரப்பணும். அவருக்குப் பியானோ மாதிரி ஒலிக்கிற ஸ்ட்ரிங் வேணும். 1966-ல ரோட்டோசவுண்ட் கம்பெனியோட சேர்ந்து அவர் உருவாக்கின ஸ்டீல் ரவுண்ட்வுண்ட்தான் ஸ்விங் பேஸ் 66. இன்னிக்கும் விக்குது.

ஸ்லாப், அதாவது கட்டைவிரலால ஸ்ட்ரிங்கை அடிச்சு வாசிக்கிறீங்களா? பிக், அதாவது மீட்டற சின்னத் தகடு வெச்சு ராக் வாசிக்கிறீங்களா? ரவுண்ட்வுண்ட் போடுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரொம்ப பளீர்னு இருக்கும். ஆனா விரலுக்குச் சொரசொரப்பு, ஃப்ரெட்டும் (விரல்பலகையில குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) சீக்கிரம் தேயும். நிக்கல் பூசினது கொஞ்சம் மென்மை. முதல் செட் வாங்கறவங்களுக்கு நான் சொல்றது நிக்கல் ரவுண்ட்வுண்ட்தான்.

ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட் இல்லாத பேஸ்னா யோசிங்க. ரவுண்ட்வுண்ட் வெறும் மரத்தை அரிச்சுடும். ஃப்ரெட்லெஸ் வாசிச்சுப் பேர்வாங்கின ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வுண்ட்தான் போட்டார். ஆனா விரல்பலகை மேல கெட்டியா இறுகற எபாக்ஸி பிசின் பூசியிருந்தார்.

[வியர்வை படிந்த பழைய ஸ்ட்ரிங்.]

ரவுண்ட்வுண்ட் ஏன் சீக்கிரம் மங்குது? சுத்துக்குச் சுத்து இருக்கற பள்ளத்துல வியர்வையும் அழுக்கும் சேர்ந்துடும். மேல் ஒலிகள்தான் முதல்ல செத்துப்போகும். கையில வியர்வை அதிகம்னா வாசிச்சு முடிச்சதும் துணியால துடைங்க. ஃப்ளாட்வுண்ட்ல அந்தப் பள்ளம் இல்லை. விலை கூட, ஆனா வருஷக்கணக்கா உழைக்கும். போட்ட புதுசுல அதுவும் கொஞ்சம் பளபளன்னுதான் ஒலிக்கும். சில வாரம் வாசிச்சாத்தான் கனியும், அதனால முதல் நாளே கழட்டிடாதீங்க.

[பாக்கெட்டின் மேல் எண்கள்.]

45, 65, 80, 105. இது அங்குலத்துல ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. 105-ன்னா இருக்கறதுலயே தடியான ஈ ஸ்ட்ரிங் 0.105 அங்குலத் தடிமன். 40–100 செட் விரலுக்கு லேசு. ஈ-யை டி-க்கு இறக்கி வாசிக்கிறவங்களுக்கு அது தொளதொளன்னு ஆடும், 50–110 பாருங்க. தடியான செட் போட்டா இழுவை கூடி நெக் முன்னாடி வளையும். நெக்குக்குள்ள இருக்கற, வளைவைச் சரிபண்ற கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுத்து மட்டும் திருப்பி, ட்யூன் பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் தொடருங்க. பயமா இருந்தா கிட்டார் ரிப்பேர் பண்றவர்கிட்ட கொடுங்க.

இன்னொண்ணு, ஸ்கேல். அதாவது ஸ்ட்ரிங்ல ஒலிக்கிற பகுதியோட நீளம். வழக்கமான பேஸ் 34 அங்குலம், ஷார்ட் ஸ்கேல் 30 சுமார். ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கு அதுக்கான செட்டையே வாங்குங்க.

[கட்டிங் பிளேயர், ட்யூனர் அருகே.]

நீளத்தை வெட்டறப்போ ஒரு நிமிஷம் நிதானம். வெட்டற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்ட்ரிங்கை நல்லா மடக்குங்க, அப்புறம் வெட்டுங்க. மடக்காம வெட்டினா மேல் சுத்து நழுவிப் பிரியலாம். பிரிஞ்சா அந்த ஸ்ட்ரிங் எப்பவுமே ஒழுங்கா ஒலிக்காது.

[புது ஸ்ட்ரிங்கில் அதே வரிசை மீண்டும்.]