எபிரேய உரைநூல்களும் நூற்பட்டியலும்

அவைத்தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்திருந்து இவ்வவையைச் சிறப்பித்திருக்கும் நூலகர் பெருமக்களே, அரிய நூல்களைத் தேடித் திரட்டும் அன்பர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். எபிரேய விவிலிய உரைநூல்களின் தொடக்ககால அச்சுப் பதிப்புகளைப் பற்றி அச்சு, எழுத்து, விலை என்னும் மூன்று நிலைகளில் பேச எண்ணுகிறேன்.

ஆண்டு குறிக்கப்பட்டு இன்று கிடைக்கும் எபிரேய அச்சு நூல்களில் மிகப் பழையது மறைமூலம் அன்று, உரைநூலே. விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களாகிய தோராவுக்கு யூத உரையாசிரியர் ரஷி எழுதிய உரையை, 1475-இல் இத்தாலியின் தென்கோடியிலுள்ள ரெஜ்ஜோவில் ஆபிரகாம் பென் கார்த்தோன் அச்சிட்டார். ஸ்பானிய யூதர்களின் கையெழுத்தை ஒட்டி வார்த்த அந்த எழுத்தை, நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் பிரான்சில் வாழ்ந்த ரஷி எழுதியதே இல்லை. ஆயினும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அப்பதிப்பில் நாமறிந்த ஒரே படி பார்மா நகர நூலகத்தில் இருக்கிறது. அதைத் தேடிச் சேர்த்த பேராசிரியர் தே ரொஸ்ஸி, பதினைந்தாம் நூற்றாண்டு எபிரேய அச்சு நூல்களை ஒவ்வொன்றாக விவரித்து 1795-இல் நூலே வெளியிட்டார். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். அவர் அளந்து வைத்தவர்.

பிராகா நகரின் தலைமை ரபியாக, அதாவது யூத மதகுருவாக, இருந்த தாவீத் ஓப்பன்ஹைமின் கதையை இவ்வவையில் சொல்லாமல் இருக்க முடியாது. நூல்களுக்காகவே வாழ்ந்த அவருக்கு, அந்நூல்களைத் தம் ஊரில் தம்முடன் வைத்துக்கொள்ளும் பேறு வாய்க்கவில்லை. பிராகாவின் தணிக்கையாளர்களுக்கு அஞ்சி, தொலைவில் ஹானோவரில் மாமனாரின் பாதுகாப்பில் அவற்றை வைத்தார். 1736-இல் அவர் மறைந்தபின் நூல்கள் கைமாறி, ஹாம்பர்க்கில் பெட்டிகளுக்குள் பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்தன. 1826-இல் அவற்றின் பட்டியல் அச்சேறியது. 1829-இல் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் தொகுப்பு முழுவதையும் 9,000 தாலர் என்னும் ஜெர்மானிய வெள்ளி நாணயங்களுக்கு வாங்கியது. பிறகு நூற்பட்டியல் அறிஞர் ஸ்டைன்ஷ்னைடர் அங்கிருந்த எபிரேய அச்சு நூல்களுக்கு உருவாக்கிய பெரும்பட்டியல், இத்துறையில் உழைப்போர் இன்றும் புரட்டும் அடிப்படை நூலாயிற்று.

ஆகவே அன்பர்களே, ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று மீண்டும் வற்புறுத்துகிறேன். அச்சான ஊர், ஆண்டு, அச்சிட்டவர், குறைந்துபோன ஏடுகள், ஓரத்தில் பழைய வாசகர் எழுதிய குறிப்புகள் ஆகிய அனைத்தையும் பதிவுசெய்யுங்கள். இத்தாலியில் எபிரேய நூல்களைத் தணிக்கை செய்த தொமெனிக்கோ ஜெரொசோலிமித்தானோவின் கையொப்பம் கடைசி ஏட்டில் இருந்தால் அதையும் எழுதுங்கள். அவர் காலத்தவர் மைபூசி மறைத்த வரிகளைக் கழுவித் துடைக்காதீர்கள், அதுவும் அந்நூலின் வரலாறே. தனியார் தொகுப்புகள் அனைத்துக்கும் பொதுப்பட்டியல் ஒன்றைத் தொடங்கும் தீர்மானத்தை, இந்த அமர்விலேயே வாக்குக்கு விடும்படி தலைவர் அவர்களை வேண்டுகிறேன்.