மணலில் எழுதிய வாத்தியார்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். கிறிஸ்தவ இறையியலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யார் கேட்டாலும், முதலில் தரங்கம்பாடிக்குத்தான் கூட்டிப்போவேன்.

1706 ஜூலையில் டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு, புளூட்சோ. ஊருக்குப் போதிக்க வந்தவர்கள். ஊர் பேசும் மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. என்ன செய்தார்கள்? வயதான திண்ணைப்பள்ளி வாத்தியார் ஒருவரை, பிள்ளைகளோடு தங்கள் வீட்டுக்கே வந்து பள்ளி நடத்தச் சொன்னார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள்.

நெல்லில் ‘அ’ போட்ட ஞாபகம் உங்களுக்கும் இருக்கும். மணலில் எழுதினால் விரல்நுனி காந்தும். சுழி தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவு, மறுபடி எழுதலாம். ஜெர்மனியின் ஹாலே நகரில் இறையியல் படித்த சீகன்பால்கு, பொடிப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அப்படித் தடவித் தடவி எழுதியதை நினைத்துப் பாருங்கள். இது மொழி படிக்கும் உபாயம் மட்டும்தானா? ‘வார்த்தை மாம்சமானார்’ என்று நாங்கள் விசுவாசிக்கிறோம். அதாவது, கடவுள் மேலே இருந்தபடி சொல்லி அனுப்பவில்லை, இயேசு என்ற மனிதராக இறங்கி வந்து நம்மோடு குடியிருந்தார். அதை நம்புகிற ஆசிரியர் முதலில் தரையில் உட்கார வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், உட்கார வேண்டும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பலகையில் இருப்பதை எழுதச் சொன்னால் ஏதோ கிறுக்கி வைப்பாள். கவனமில்லாத பிள்ளை என்று ஒரு மாதம் அதட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிமிர்ந்தேன். ஜன்னல் வெயில் விழுந்து கரும்பலகையில் பாதி பளபளத்தது. நான் எழுதிய ‘ழ’ எனக்கே தெரியவில்லை. அவள் நெற்றியைத் தடவி மன்னிப்புக் கேட்டேன். நாற்காலியில் இருந்தவரைக்கும் அந்த வெயில் என் கண்ணில் படவே இல்லை.

சரி, நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வேதத்தை, அதாவது பைபிளை, ஒவ்வொருவரும் தாங்களே வாசிக்க வேண்டும் என்றால் எல்லாருக்கும் எழுத்து தெரிய வேண்டும் அல்லவா? அதனால்தான் 1524இல் ஜெர்மன் நகரசபைகளுக்கு, பள்ளிகள் தொடங்குங்கள் என்று அவர் எழுதினார். பெண்பிள்ளைகளையும் சேர்த்தே எழுதினார். தரங்கம்பாடியில் பெண்பிள்ளைகளுக்கு 1707இலேயே பள்ளி வந்துவிட்டது. 1715இல் பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தபோது, அதை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிறுமிகளும் அந்த ஊரில் இருந்தார்கள். வணக்கம்.