ராமானுஜன் விட்டுப்போன எண்

எல்லாருக்கும் வணக்கம். பலகையில் ஓர் எண் எழுதியிருக்கிறேன்: 293318625600. வாசித்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. இங்கே எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தேறாத மனிதருக்கு மறு வருடம் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது அந்தக் கட்டுரைக்காகத்தான். விஷயம் என்னவோ எளியது. 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு எண்கள் மீதியில்லாமல் வகுக்கும். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. பத்து முட்டையை மூன்று பேருக்குப் பங்கு போட்டுப் பாருங்கள், டஜனின் அருமை தெரியும். இப்படித் தனக்குச் சின்னதையெல்லாம் காரணிக் கணக்கில் முந்துகிற எண்களைத்தான் அவர் ஆராய்ந்தார். 24, 60, 360 எல்லாம் அந்த ரகம்.

கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 6746328388800 வரை போயிருக்கிறார். அதில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிற்று. அதுதான் இந்தப் பலகையில் இருப்பது. வேடிக்கை என்னவென்றால், அட்டவணையின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தாலே இது வந்து நிற்கும்!

சரி, உடைத்துப் பார்ப்போம். இதற்குள் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒரு காரணியை உண்டாக்க 2-ஐ எடுக்காமலும் விடலாம், ஆறு வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. அதேபோல் 3-க்கு ஐந்து, 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று. பெருக்கினால் 315. மிச்சம் நான்கும் எடு அல்லது விடு. அது 16 வழி. 315-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 5040 காரணிகள்.

அடுக்குகளைக் கவனியுங்கள்: 6, 4, 2, 2, அப்புறம் எல்லாம் 1. எங்கேயும் ஏறாது. 3-ன் அடுக்கு 2-ன் அடுக்கை விடப் பெரிதாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினால் போதும். காரணிகள் அத்தனையும் இருக்கும், எண் மட்டும் சின்னதாகிவிடும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றுதான், 4-ம் 36-ம் மட்டும் விலக்கு என்பதையும் ராமானுஜன் நிறுவினார்.

இந்த 5040 இருக்கிறதே, அதை லேசில் விட எனக்கு மனசில்லை. நான்கு காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண் 6. ஆறு காரணிகள் வேண்டுமா, 12. பன்னிரண்டு வேண்டுமா, 60. அறுபது வேண்டுமா, 5040. ஐயாயிரத்து நாற்பது வேண்டுமா? நம் பலகை எண். அட்டவணையில் வேறு எது விட்டுப்போயிருந்தாலும் நான் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

அடுத்த படி எது என்று முன்வரிசைத் தம்பி கேட்கிறார். அதற்கு 75 இலக்கங்கள். பலகையில் இடம் இல்லை, தம்பி.