மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி: முதன்முறை வாங்குவோருக்கு

நேயர்களுக்கு என் வணக்கம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியேறி, இங்குள்ள நண்பர்களோடு மான் வேட்டைக்குச் செல்லத் தொடங்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி, அதாவது மசில்லோடர் ஒன்றைக் குறைந்த செலவில் வாங்குவதென்றால் எதை வாங்குவது என்பதே அந்தக் கேள்வி. இந்தியாவிலிருந்து கேட்கும் நேயர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே மான் வேட்டை குற்றமாகும். நான் பேசப்போவது, மாநில அரசே பருவமும் எண்ணிக்கையும் வகுத்து உரிமம் வழங்கும் அமெரிக்க வெண்வால் மான் வேட்டையைப் பற்றி மட்டுமே.

கடைக்குப் போகும் முன் வேட்டை விதிகளைப் படிக்க வேண்டும். பென்சில்வேனியாவில் மசில்லோடருக்கென இரண்டு பருவங்கள் உள்ளன. அக்டோபரில் வரும் ஒரு வாரப் பருவத்தில் கொம்பில்லாத மானை எவ்வகை மசில்லோடராலும் சுடலாம். கிறிஸ்துமசுக்கு மறுநாள் தொடங்கும் பருவத்திலோ சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் ஃபிளிண்ட்லாக் துப்பாக்கி மட்டுமே அனுமதிக்கப்படுகிறது; 1974இல் தொடங்கிய இந்தப் பருவத்தை இம்மாநிலத்தார் பெருமையோடு காத்து வருகின்றனர். ஆகவே எந்தப் பருவத்தில் காட்டுக்குள் இறங்கப் போகிறீர்கள் என்பது முடிவாகும்வரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் துப்பாக்கி வாங்காதீர்கள். மேற்கு மாநிலங்களில் விதிகள் வேறு. கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் தொலைநோக்கியும், வில்லை வடிவ மருந்தும், குண்டைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையான சேபோவும் தடை செய்யப்பட்டுள்ளன.

சட்டம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய வகைக் கரிமருந்தையோ அதன் மாற்றையோ மட்டுமே பயன்படுத்தும், தோட்டா ஏற்ற முடியாத மசில்லோடரைக் கூட்டரசுச் சட்டம் பழங்காலத் துப்பாக்கியாகவே கருதுகிறது. அதனால் பெரும்பாலான மாநிலங்களில், துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் இல்லாமல் அதை வாங்க முடிகிறது. ஆனால் குழலை மாற்றினால் தோட்டாத் துப்பாக்கியாகிவிடும் தாம்சன் சென்டர் என்கோர் போன்றவற்றுக்கு இச்சலுகை கிடையாது. நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் மசில்லோடரையும் சாதாரணத் துப்பாக்கியைப் போலவே நடத்துகின்றன. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கூட்டரசுச் சட்டத்தில் பொதுவான தடை உள்ளது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விலக்கு. நம்மவர்களில் பலர் இந்த நிலையில் இருப்பதால், துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். அக்டோபர் பருவம் போதும் என்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது, நடுவில் மடித்துத் திறக்கும், அரை அங்குலக் குழல் விட்டமுள்ள .50 அளவு இன்லைன் துப்பாக்கி. மிசூரியைச் சேர்ந்த டோனி நைட் 1985இல் வெளியிட்ட எம்கே-85 துப்பாக்கிக்குப் பிறகுதான், மருந்துக்கு நேர் பின்னாலேயே தீ மூட்டும் இந்த அமைப்பு பரவலாயிற்று. இன்று ஷாட்கன் தோட்டாக்களில் பயன்படும் 209 பிரைமர் என்னும் சிறு தீமூட்டியே இவற்றுக்கும் தீ மூட்டுகிறது. ஈரக் காலையிலும் அது ஏமாற்றுவது அரிது. ஸ்பெயினில் செய்யப்படும் சிவிஏ உல்ஃப், டிரடிஷன்ஸ் நிறுவனத்தின் பக்ஸ்டாக்கர் ஆகியவை ஏறத்தாழ 300 டாலரை ஒட்டிய விலையில் கிடைக்கும். இவற்றைவிட இரண்டு மடங்கு விலையுள்ள துப்பாக்கியால், 100 கஜத்துக்குள் நிற்கும் மானின் மீது உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை மிகக் குறைவு.

விலைச் சீட்டைவிட நான் கூர்ந்து பார்க்கச் சொல்வது, குழலின் பின்வாயை அடைக்கும் பிரீச் பிளக் என்னும் திருகடைப்பையே. மேலே சொன்ன இரண்டு நிறுவனங்களின் இன்லைன்களிலும் கருவி ஏதுமின்றி விரலால் திருகி எடுக்கும் அடைப்பு உண்டு. கடையிலேயே அதைக் கழற்றித் தரச் சொல்லி, நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். அடைப்பு எளிதில் கழன்றால் குழலை இருபுறமும் திறந்து கழுவலாம். இறுகிப்போகும் அடைப்பு உள்ள துப்பாக்கியை மனிதர்கள் கழுவாமல் விட்டுவிடுகிறார்கள். கரிமருந்தும் அதன் மாற்றுகளில் பலவும் விட்டுச் செல்லும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். ஓரிரவு விட்டாலே துரு தொடங்கிவிடக்கூடும்.

ஃபிளிண்ட்லாக் வாங்குவோருக்கு என் அறிவுரை இதற்கு நேர்மாறானது. இங்கே மலிவு பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. குதிரை எனப்படும் சுத்தியலில் பொருத்திய கல் எஃகுத் தகட்டில் உரசித் தெறிக்கும் பொறி கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றவைத்து, அந்தத் தீ சிறு துளை வழியே குழலுக்குள் நுழைந்த பிறகே குண்டு புறப்படும். விசையை இழுத்ததற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையிலான அந்த நொடிப் பங்கில் கண் சிமிட்டாமல் குறியில் நிற்கப் பழக வேண்டும். தரமற்ற வில்லும் (ஸ்பிரிங்) மெத்தென்ற எஃகும் கொண்ட, பொறி எழுப்பும் பூட்டமைப்பில் பொறி ஒழுங்காக எழாது. எத்தனை கற்களை மாற்றினாலும் அக்குறை தீராது. மேலும் பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ளக் கூடுதல் வெப்பம் தேவைப்படுவதால், இவ்வகைத் துப்பாக்கிக்கு அசல் கரிமருந்தே ஏற்றது. அது வெடிபொருளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. பணம் போதவில்லையென்றால் இன்னும் ஓராண்டு சேர்த்து, நல்ல பூட்டமைப்புள்ள ஒன்றை வாங்குங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் குழலைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. முதலில் கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் இறக்கி, அது எவ்வளவு ஆழம் போகிறது என்பதைக் குழலின் வெளிப்புறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்வாய்க்குச் சில அங்குலம் முன்னதாகவே கோல் நின்றுவிட்டால், யாரோ பல ஆண்டுகளுக்கு முன் கெட்டித்த மருந்தும் குண்டும் இன்னும் உள்ளே இருக்கக்கூடும். வெறும் குழல் என்று உறுதியான பிறகு, எண்ணெய் தோய்ந்த துணித்துண்டை உள்ளே செலுத்தி எடுங்கள். துணி செந்நிறமாக வந்தாலோ, வழியில் ஓரிடத்தில் சொரசொரப்பாகப் பிடித்தாலோ அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். குழலின் உட்புரி, அதாவது உட்புறத்தில் சுருளாக வெட்டிய வரி, எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதையும் கேளுங்கள். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சேபோவில் பொதிந்த நீள்குண்டுக்கு ஏற்றது. 60, 66 என்றால் துணி சுற்றிய உருண்டை ஈயக்குண்டுக்கு உரியது. 48 இரண்டுக்கும் இடைப்பட்டது.

துப்பாக்கியில் மிச்சப்படுத்திய பணத்தை மருந்துக்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள் என்பதே நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. பெட்டியின் மேல் 150 கிரெயின் (மருந்தை அளக்கும் சிறு அலகு) மருந்து தாங்கும் என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். கன அளவில் 80 முதல் 100 கிரெயின் மருந்து வெண்வால் மானுக்குப் போதுமானது. அதற்கு மேல் தோளில் இடிக்கும் உதையே பெருகும். கையேட்டில் குறித்த மருந்தைத் தவிர வேறெதையும் இடாதீர்கள், புகையற்ற வெடிமருந்தை ஒருபோதும் இடாதீர்கள். சாதாரண மசில்லோடரின் குழல் அதில் வெடித்துச் சிதறும். குண்டு மருந்தின்மேல் முழுமையாக அமர்ந்த நிலையில், குழல்வாய் விளிம்போடு ஒட்டிக் கோலின் மீது ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். அடுத்த முறை கோடு விளிம்புக்கு மேலே நின்றால் குண்டு முழுவதும் இறங்கவில்லை, அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை கெட்டித்துவிட்டீர்கள் என்று பொருள். டிரிபிள் செவன் என்னும் மாற்று மருந்தைப் பயன்படுத்தும்போது பின்வாய் அருகே கசடு வளையமாகப் படிந்து அடுத்த குண்டைத் தடுக்கும். ஒவ்வொரு சுடுதலுக்கும் பிறகு ஈரத் துணித்துண்டால் துடைத்தால் அது கரைந்துவிடும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பிடித்திருங்கள். தாமதமாக வெடிப்பது இவ்வகைத் துப்பாக்கிகளில் உண்டு.

மசில்லோடரில் இரண்டாவது குண்டு உடனே கிடைக்காது. நன்கு பழகியவருக்கும் மீண்டும் கெட்டிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காயம்பட்ட மான் புதருக்குள் மறைந்து, பல மணிநேரம் வலியில் கிடந்து சாகும். ஓர் உயிரை எடுக்கத் துணிகிறவர் அதை ஒரே குண்டில், துன்பமின்றி எடுக்கக் கடமைப்பட்டவர். 75 கஜத்தில் ஒரு தட்டின் அளவுள்ள வட்டத்துக்குள் தொடர்ந்து குண்டைச் செலுத்த முடியாதவர், அந்தப் பருவத்தில் மானை நோக்கிச் சுடாமல் இருப்பதே முறை.

வீடு திரும்பிய மாலையே துப்பாக்கியைக் கழுவிவிடுங்கள். மருந்து கெட்டித்த நிலையிலேயே வந்திருந்தால், முதலில் பிரைமரை எடுத்து, இன்லைனாக இருந்தால் அடைப்பைக் கழற்றி, மருந்தையும் குண்டையும் பின்வழியே தள்ளி வெளியேற்றுங்கள். பிறகு சோப்பு கலந்த வெந்நீரில் துணித்துண்டுகளை நனைத்துக் குழலுக்குள் செலுத்துங்கள்; முதல் துண்டு கந்தக வாடையோடு கன்னங்கரேலென்று வரும், அடுத்தடுத்தவை சாம்பல் நிறமாகும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பும்வரை நிறுத்தாதீர்கள். நன்கு உலர்த்தி, குழலின் உட்புறம் மெல்லிய எண்ணெய் பூசி, அடைப்பின் மரைகளில் இறுக்கம் தடுக்கும் மசகைத் தடவி மாட்டுங்கள். அடுத்த நாள் காலையில் இன்னொரு துணித்துண்டைச் செலுத்தி, துரு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டலாம்.

நன்றி, வணக்கம்.